ஃபெண்டர் ஃபிளேர் மாட்ட எது சரி: போல்ட் நட்டா, ரிவெட் நட்டா, கிளிப்பா?

#1 செம்மண்தடம்

எல்லாருக்கும் வணக்கம். வண்டிக்கு அகலமான டயர் போட்டாச்சு. பாடியைத் தாண்டி ரெண்டு விரற்கடை வெளியே நிக்குது. சேறும் கல்லும் கதவு முழுக்க அடிக்குதுன்னு ஃபெண்டர் ஃபிளேர், அதாவது சக்கர வளைவை வெளியே நீட்டி டயரை மூடுற பட்டை, வாங்கிட்டேன். ஏபிஎஸ் பிளாஸ்டிக், வெளியே போல்ட் தலை வரிசையா தெரியுற டிசைன், நாலு பீஸ்.

கூட வந்த பாக்கெட்டைப் பிரிச்சதும்தான் கவலை வந்துச்சு. பாதி, தகரத்துல தானே மரை வெட்டிக்கிட்டு இறங்குற ஸ்க்ரூ. மீதி கறுப்பு போல்ட், என்ன உலோகம்னு எங்கேயும் போடல.

முந்தைய வண்டியில இதே மாதிரி ஸ்க்ரூதான் போட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஃபிளேரைக் கழட்டினப்போ ஒவ்வொரு ஓட்டையைச் சுத்தியும் பெயிண்ட் கொப்புளிச்சிருந்துச்சு. ஒண்ணை நகத்தால தட்டினேன், கொப்புளத்தோட தகரமும் சேர்ந்து உதிர்ந்துச்சு. அந்த ஓட்டையில என் சுண்டுவிரல் போச்சு. ஸ்க்ரூ இறங்கினப்போ அது 4 மில்லி ஓட்டை.

அந்தத் தப்பு இந்தத் தடவை நடக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ் போல்ட் நட், ரிவெட் நட், பிளாஸ்டிக் கிளிப், இதுல எதுக்குப் போகலாம்? காட்டுப் பாதையில நிஜமாவே ஓட்டுற வண்டி.

#2 பத்தாம்நம்பர்ஸ்பேனர்

அந்த ஸ்க்ரூவை அப்படியே ஓரம் வைங்க. மட்கார்டு தகரத்தோட கனம் ஏறக்குறைய 0.7, 0.8 மில்லிதான். ஸ்க்ரூவோட மரையில ஒரே ஒரு சுற்றுதான் அதைப் பிடிக்கும். வண்டி குலுங்கக் குலுங்க அந்த ஒரு சுற்றும் தகரத்தை அரம் மாதிரி ராவும். ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டும்போதும் ஓட்டை பெருசாகும். நீங்க பார்த்தது அதுதான்.

நான் இத்தனை வருஷமா போடுறது ரிவெட் நட். ஓட்டைக்குள்ள விட்டுக் கருவியால இழுத்தா, பின்பக்கம் மடிஞ்சு தகரத்தைப் பிடிச்சுக்குற நட் அது. பின்னாடி கை நுழையாத இடத்துக்கு அதை விட்டா வழியில்லை. எம்6, அதாவது 6 மில்லி போல்ட் போற ரிவெட் நட்டுக்கு 9 மில்லி ஓட்டை. ஆனா மூணு விஷயம் கவனிக்கணும்.

எடுத்ததும் 9 மில்லி பிட்டை வைக்காதீங்க. மெல்லிய தகரத்துல சாதா பிட் முக்கோணமாத்தான் ஓட்டை போடும், நட் உள்ளே சுத்த ஆரம்பிச்சிடும். 3 மில்லியில ஆரம்பிச்சு, படிப்படியா அகலமாகுற ஸ்டெப் பிட்ல முடிங்க. அடுத்தது, ரிவெட் நட் பாக்கெட்டுல எத்தனை மில்லி கனத்துக்குன்னு போட்டிருக்கும். உங்க தகரம் அதுக்குள்ள வரணும். தடிப்பான பிளேட்டுக்கு வர்ற நட்டை 0.8 மில்லியில போட்டா அது முழுசா மடியாது. மூணாவது, உடம்பு வழவழன்னு இருக்குற நட்டை வாங்கவே கூடாது. வரிவரியா இருக்கணும், இல்லன்னா அறுகோணமா இருக்கணும். அறுகோணம்னா ஓட்டையையும் அறுகோணமா வெட்டணும், அதுக்குப் பொறுமை வேணும்.

அலுமினிய ரிவெட் நட் வேண்டாம். துத்தநாகப் பூச்சு போட்ட ஸ்டீல் எடுங்க.

#3 தகரப்பட்டறை

நான் பாடி வேலையும் பெயிண்ட் வேலையும் பார்க்கிறவன். எந்த போல்ட் என்ற கேள்விக்கு முன்னால், எத்தனை ஓட்டை என்று கேளுங்கள். வண்டியை அழிப்பது போல்ட் இல்லை, ஓட்டை.

முதலில் ஃபிளேரைத் திருப்பிப் பாருங்கள். வெளியே போல்ட் தலை தெரியும் டிசைனில் பல நேரம் அந்த போல்ட் எதையும் பிடிப்பதில்லை. அழகுக்காக ஃபிளேரில் மட்டும் மாட்டியிருக்கும். உண்மையான பிடிப்பு கீழே, சக்கர வளைவின் உள் மடிப்பில் இருக்கும். இது தெரியாமல் வெளியே தெரியும் ஒவ்வொரு குழிக்கும் நேராகப் பாடியைத் துளைத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டைகளை வெல்டு வைத்து மூடி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூடத் தேவைப்பட்ட ஓட்டை இல்லை.

அடுத்து, உள் மடிப்பில் ஏற்கெனவே கம்பெனி போட்ட ஓட்டைகள் இருக்கும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு அவற்றில்தான் மாட்டியிருக்கும். முடிந்தவரை அவற்றையே பயன்படுத்துங்கள். மடிப்பின் ஓரத்தில் செருகும் யூ வடிவக் கிளிப் நட் நல்ல தீர்வு. செருகும்போது பெயிண்டைச் சுரண்டும், அதனால் உள்ளே கொஞ்சம் கிரீஸ் தடவிச் செருகுங்கள்.

புது ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் வேலையை அவசரப்படுத்தாதீர்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் குறித்து, துளையிடுங்கள். இரண்டு பக்கமும் பிசிறை எடுங்கள். உள்பக்கப் பிசிறைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், துரு அங்கேதான் பிறக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, துத்தநாகம் கலந்த பிரைமரை சின்ன பிரஷ்ஷால் ஓட்டையின் விளிம்பிலும் உள்சுவரிலும் தடவுங்கள். காய்ந்தபின் பெயிண்ட். அது முழுசாகக் காய அன்றைக்கு விட்டுவிட்டு, மறுநாள்தான் போல்ட்.

உள்ளே விழுந்த இரும்புத்தூளை வாக்குவம் வைத்து எடுங்கள். ஒரு மழைக்கு அந்தத் தூள் அத்தனையும் துரு. காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டினாலும் வரும்.

#4 செம்மண்தடம்

>வெளியே போல்ட் தலை தெரியும் டிசைனில் பல நேரம் அந்த போல்ட் எதையும் பிடிப்பதில்லை

இதைப் படிச்சிட்டு நேரா போய்த் திருப்பிப் பார்த்தேன். நீங்க சொன்னதேதான். வெளியே ஒரு ஃபிளேருக்கு ஒன்பது குழி, அதுல ஒண்ணுகூட பாடிக்குப் போகல. பிடிப்பு எல்லாம் உள் மடிப்புல, ஒரு ஃபிளேருக்கு ஆறு இடம். ஒன்பது ஓட்டை போடத்தான் பென்சில் வச்சிருந்தேன். ரொம்ப நன்றி அண்ணா.

முன்பக்கம் ஆறுல நாலு இடத்துல கம்பெனி ஓட்டையே இருக்கு. பின்பக்கம் ரெண்டே ரெண்டுதான்.

#5 ஆற்றுமணல்

இங்கே யாரும் இன்னும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மரமோ பாறையோ ஃபிளேரில் இடித்தால் முதலில் எது உடைய வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் முடிவு செய்யாவிட்டால் பாறை முடிவு செய்யும்.

ஒரு எம்6 ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேராக இழுத்து அறுக்க ஏறக்குறைய 14 கிலோநியூட்டன் வேண்டும். 1,400 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. உங்கள் மட்கார்டு தகரம் அதற்கு வெகு முன்னாலேயே கிழிந்துவிடும். அதனால் போல்ட்டின் பலத்தைப் பற்றிய பேச்சுக்கே இங்கே இடமில்லை. ஃபிளேரைத் தாங்க எம்5 போதும், அதுவே அதிகம். பலம் கூடக் கூடச் சேதம் ஃபிளேரிலிருந்து பாடிக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

கூட வந்த ஒருவர் வண்டியில் இதை நேரில் பார்த்தேன். பெரிய வாஷர் வைத்து, எம்8 போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். பின்னுக்கு எடுக்கும்போது வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஃபிளேரின் நுனியில் மாட்டியது. ஃபிளேர் உடையவில்லை. மட்கார்டின் மடிப்பு ஒரு முழத்துக்கு வெளியே உரிந்து வந்துவிட்டது, பழைய டப்பா மூடியைக் கத்தியால் நெம்பின மாதிரி. நாலு போல்ட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே நின்றன.

அதனால் என் வண்டியில் இடி வாங்கும் நுனிகளில், முன் ஃபிளேரின் முன் முனையிலும் பின் ஃபிளேரின் பின் முனையிலும், நைலான் போல்ட்தான். அதன் பலம் ஸ்டீலில் பத்தில் ஒரு பங்கு. இடித்தால் தலை பட்டென்று போகும், ஃபிளேர் விலகிக் கொடுக்கும். பையில் இருபது நைலான் போல்ட் கிடக்கும், அங்கேயே மாற்றிவிட்டுக் கிளம்பலாம். கறுப்பு நைலான் வாங்குங்கள், வெள்ளை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும்.

#6 பத்தாம்நம்பர்ஸ்பேனர்

>அதனால் போல்ட்டின் பலத்தைப் பற்றிய பேச்சுக்கே இங்கே இடமில்லை

கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா எல்லா இடத்துலயும் நைலான் போட்டா குலுக்கல்லயே தளர்ந்து போகும், நைலான் போல்ட்டை நல்லா இறுக்கவும் முடியாது. நுனிக்கு மட்டும்னு நீங்க சொல்றது சரி. நடுவுல மெட்டல்தான் இருக்கணும்.

கம்பெனி கொடுக்குற அம்பு மாதிரி பிளாஸ்டிக் கிளிப்பும் இதே வேலையைத்தான் செய்யுது, இடிச்சா கழண்டு கொடுக்கும். அதோட பல்லு ஒரு தடவை கழட்டினாலே தேஞ்சிடும், அதனால ஃபிளேரைக் கழட்டுற ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும். ரப்பர் நட்னு ஒண்ணு இருக்கு, போல்ட் இறுக்கினா ரப்பர் உப்பிப் பிடிச்சுக்கும். அதிர்வையும் வாங்கும், தண்ணியையும் அடைக்கும், துருவும் வராது. ஆனா எம்5-க்கே ஏறக்குறைய 10 மில்லி ஓட்டை கேக்கும். ஒடுங்கின மடிப்புல அவ்வளவு பெரிய ஓட்டை போட எனக்கு மனசு வரல.

#7 பழையடிஃபெண்டர்

செம்மண்தடம், உங்கள் வண்டியின் பாடி ஸ்டீலா அலுமினியமா? காந்தம் வைத்துப் பாருங்கள்.

என்னுடையது பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், வெளித்தகடு எல்லாம் அலுமினியக் கலவை. ஃபோர்டு எஃப்-150 கூட 2015 மாடலிலிருந்து அலுமினிய பாடிதான். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை வெறுமனே மாட்டினால், நடுவில் ஈரம் சேர்ந்த கணத்திலிருந்து அலுமினியம் தன்னைக் கரைத்துக் கொடுக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் இன்னும் வேகம். போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவு மாதிரி பூக்கும். அந்த மாவைத் துடைத்தால் அடியில் தகடு இருக்காது.

எனக்குத் தெரிந்த தீர்வு, உலோகமும் உலோகமும் தொடாமல் பார்த்துக்கொள்வது. போல்ட் உடம்புக்கு நைலான் புஷ் (சின்னக் குழாய் மாதிரி உறை), இரண்டு பக்கமும் நைலான் வாஷர், ஓட்டைக்குள் சீலன்ட். ஸ்டீல் பாடியிலும் இதே உபாதை உண்டு, வேகம்தான் குறைவு. பெயிண்ட் கீறிய இடம்தான் முதலில் போகும்.

#8 செம்மண்தடம்

காந்தம் ஒட்டுது, ஸ்டீல்தான். ஆனாலும் நைலான் வாஷரைக் குறிச்சுக்கிட்டேன்.

#9 புதுத்தடம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஓட்டையே போடாமல் இரட்டைப் பக்க டேப்பில் மட்டும் ஒட்டலாமா? நல்ல தரமான அக்ரிலிக் ஃபோம் டேப்.

#10 தகரப்பட்டறை

ஊர்ச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு, அகலம் குறைந்த ஃபிளேருக்கு, ஒட்டலாம் தம்பி. ஆனால் ஒட்டுவதற்குமுன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடைக்க வேண்டும். குளிரில் ஒட்டாதீர்கள். அழுத்தி ஒட்டியபின் முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும். அன்றே வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் போச்சு. ஃபிளேர் எந்தப் பிளாஸ்டிக் என்றும் பாருங்கள். ஏபிஎஸ் நன்றாக ஒட்டும். பாலிபுரோப்பிலீன் வகை என்றால் அதற்கான பிரைமர் இல்லாமல் ஒட்டாது.

காட்டில் ஓட்டும் வண்டிக்கு டேப் மட்டும் போதாது. சேறு காய்ந்து ஃபிளேருக்குள் கிலோக்கணக்கில் சேரும், அந்த எடை டேப்பை உரித்துக்கொண்டே இருக்கும்.

போல்ட் போட்டாலும் ஃபிளேருக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் பட்டை கட்டாயம் வேண்டும். பட்டை இல்லாவிட்டால் நடுவில் புகுந்த மண்ணும் அதிரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து பெயிண்டை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஃபிளேர் இருக்கும்வரை தெரியாது. கழட்டினால் வளைவு முழுக்க வெறும் தகரம் தெரியும்.

#11 பத்தாம்நம்பர்ஸ்பேனர்

இறுக்குறதைப் பத்தியும் சொல்லிடுறேன். நிறைய ஃபிளேர் உடையுறது பாறையில இல்ல, மாட்டுற அன்னிக்கு ஸ்பேனர்லதான்.

ஏபிஎஸ் வெயில்ல நல்லா விரியும். ஒரு மீட்டர் நீளம், 40 டிகிரி ஏறினா ஏறக்குறைய 3 மில்லி. அதே நீளம் ஸ்டீல் அரை மில்லிதான். ரெண்டரை மில்லி வித்தியாசத்துக்கு எங்கேயாவது இடம் கொடுக்கணும். நடு ஓட்டையை மட்டும் சரியான அளவுல விடுங்க, அதுதான் நங்கூரம். ரெண்டு பக்கம் போகப் போக ஃபிளேர்ல இருக்குற ஓட்டையை நீளவாக்குல அரம் போட்டு நீட்டிடுங்க. பாடியை இல்ல, ஃபிளேரை. முதல்ல நடுவுல மாட்டி, எல்லாத்தையும் லூஸா கோர்த்து, நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா இறுக்கிக்கிட்டே போங்க. வாஷர் கையால சுத்தாத அளவு வந்ததும் கால் சுற்று, அதோட நிறுத்துங்க. இம்பாக்ட் டிரைவர் பக்கமே போகாதீங்க. பிளாஸ்டிக்குக்கும் கேடு, ஸ்டெயின்லெஸ் போல்ட்ல ஸ்டெயின்லெஸ் நட் வேகமா சுத்தினா மரை மரையோட ஒட்டிக்கும். அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். மரையில ஒரு பொட்டு ஆன்டி சீஸ், அதாவது மரை ஒட்டாம இருக்கத் தடவுற பசை, தடவிக் கையால சுத்துங்க.

முக்கியமா, போல்ட் தளராம இருக்க மரையில விடுற திரவ த்ரெட் லாக்கரை ஏபிஎஸ் பக்கத்துல கொண்டு போகாதீங்க. வழிஞ்சு பிளாஸ்டிக்குல பட்டா ஓட்டையைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும். நைலான் வளையம் வச்ச லாக் நட் போடுங்க, அதே வேலை நடக்கும்.

#12 ஆற்றுமணல்

போல்ட் தலை பற்றியும் ஒரு வார்த்தை. ஆலன் கீ போடும் உருண்டைத் தலை பார்க்க அழகு. ஆனால் எம்6 அளவில் அதன் குழி வெறும் 4 மில்லி. சேறு போய்க் காய்ந்தால் சிமென்ட் மாதிரி. அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அறுகோணத் தலை போடுங்கள், 10 மில்லி ஸ்பேனரில் எந்த நிலையிலும் கழட்டலாம். வெளியே தெரியும் அழகு போல்ட்டுக்கு உருண்டைத் தலை இருக்கட்டும். கறுப்பு வேண்டுமென்றால் கறுப்பேற்றிய ஸ்டெயின்லெஸ். சாதா ஸ்டீலில் கறுப்பு ஆக்சைடு மட்டும் இருந்தால் முதல் மழைக்கே பழுப்பு வடியும்.

பிறகு, போல்ட் எந்தப் பக்கம் பார்க்கிறது? மரை முனை டயர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கி ஸ்டியரிங் ஒடித்திருக்கும் அந்த ஒரு கணத்தில் டயர் பக்கவாட்டைக் கீறும். தலை டயர் பக்கம், நட் மறுபக்கம். முடியாத இடத்தில் மரையை வெட்டிக் குமிழ் நட் போடுங்கள்.

#13 தகரப்பட்டறை

பின்பக்கம் துளையிடும் முன் உள் தடுப்பைக் கழட்டி உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் பெட்ரோல் டேங்குக்குப் போகும் குழாய் இருக்கும். விளக்கு ஒயர் போகும். டிரில் பிட்டில் 5 மில்லிக்கு மேல் இறங்காதபடி காலர் மாட்டுங்கள், காலர் இல்லையென்றால் டேப்பைத் தடிப்பாகச் சுற்றுங்கள்.

#14 செம்மண்தடம்

மூணு வாரம் ஆச்சு, முடிச்சிட்டேன். என்ன செஞ்சேன்னு எழுதிடுறேன்.

முன்பக்கம் ஒவ்வொரு ஃபிளேருக்கும் கம்பெனி ஓட்டை நாலுலயும் யூ கிளிப் நட், எம்6 அறுகோணத் தலை போல்ட். புது ஓட்டை ரெண்டு, கை போற இடம்ங்கறதால எம்5 போல்ட்டும் லாக் நட்டும். அதுல முன் முனையில இருக்குறது நைலான். பின்பக்கம் கம்பெனி ஓட்டை ரெண்டு, கை நுழையாத மூணு இடத்துல வரி போட்ட ஸ்டீல் ரிவெட் நட், பின் முனையில நைலான் போல்ட். மெட்டல் போல்ட் எல்லாத்துக்கும் அடியில நைலான் வாஷர், ஃபிளேர் ஓரம் முழுக்க ரப்பர் பட்டை.

ஒரு ரிவெட் நட் சுத்திடுச்சு. முதல்ல போட்டது. ஸ்டெப் பிட்டை ஒரு படி கூடுதலா இறக்கிட்டேன். விளிம்பை மெல்ல டிரில் பண்ணி எடுத்து, அந்த இடத்துல மட்டும் ரப்பர் நட் போட்டேன், பெருசான ஓட்டைக்கு அது சரியா உட்கார்ந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு பழைய தகரத் துண்டுல மூணு ஓட்டை போட்டுப் பழகிட்டுத்தான் பாடியைத் தொட்டேன். அதை முதல்லயே செஞ்சிருக்கணும்.

பின்பக்கம் இடதுல உள் தடுப்பைக் கழட்டிப் பார்த்தப்போ, நான் குறிச்ச புள்ளிக்கு நேர் பின்னால பெட்ரோல் குழாய். ஒரு விரல் இடைவெளிகூட இல்ல. புள்ளியை மேலே தள்ளிட்டேன். தகரப்பட்டறை அண்ணா, அந்த ஒரு பதிவுக்கு உங்களுக்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கேன்.

நட் ஒவ்வொண்ணுலயும் நட்டும் போல்ட்டும் சேர்ற இடத்துல வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டேன். நேத்து ஒரு நாள் முழுக்க ஆத்துப் படுகையிலயும் பாறை ஏத்தத்துலயும் ஓட்டிட்டு வந்து பார்த்தேன். கோடு எதுவும் நகரல. வலது முன் முனையில நைலான் போல்ட் ஒண்ணு தலை போயிருக்கு. எங்கே இடிச்சதுன்னே தெரியல, உள்ளே சத்தம்கூட வரல. ஃபிளேர்ல ஒரு தேய்ப்பு, மட்கார்டு மடிப்புல ஒண்ணும் இல்ல.

#15 ஆற்றுமணல்

மகிழ்ச்சி. உள்ளே மாட்டியிருக்கும் அரைத் துண்டை எடுக்க, சூடான ஸ்க்ரூடிரைவர் முனையை அதில் அழுத்தி ஒரு வெட்டு போடுங்கள். ஆறியபின் திருகினால் வந்துவிடும். சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கின நிலையில் டயரைப் பார்த்தீர்களா?

#16 செம்மண்தடம்

ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டுல ஏத்தி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பார்த்தேன். இடது முன்பக்கம் அடியில ஒரு போல்ட் முனை டயருக்கு அரை விரல் தூரம் வருது. அதைத் திருப்பிப் போட இடமில்ல. நாளைக்கு மரையை வெட்டிட்டுக் குமிழ் நட் போடப் போறேன், வெட்டின முனைக்குப் பிரைமரும் எடுத்து வச்சாச்சு.